மரப்பொந்தில் ஓர் உள்ளங்கை நீர்

தில்லியில் டெங்கு என்றால் எல்லோர் கண்ணும் ஏர்கூலர் மேல் போகிறது. ரிட்ஜ் காட்டு மரங்களில் வளரும் இன்னொரு கொசுவை யார் பார்ப்பது?

மழை விட்ட ஆகஸ்ட் மாலையில் தில்லி ரிட்ஜ் காட்டுப் பாதைகளில் நடந்து பாருங்கள். வெயில் சாய்கிற நேரம், கணுக்காலுக்கு மேலே சுருக்கென்று ஒரு கடி. ரீங்காரம் ஏதும் காதில் விழுந்திருக்காது. குனிந்து பார்த்தால், கரிய உடலில் வெள்ளைப் புள்ளிகளும் கால்களில் வெள்ளை வளையங்களும் கொண்ட ஒரு சிறு கொசு. தலையிலிருந்து முதுகின் நடுவாக ஒற்றை வெள்ளிக் கோடு இறங்கும். கையை ஓங்கினால் விலகும். அடுத்த நொடி இன்னொரு காலில் வந்து உட்காரும். கட்டிலுக்கடியிலும் துணி மாட்டும் கொடியிலும் பதுங்குகிற வீட்டுக் கொசு அல்ல இது. புதரிலிருந்து வந்து கடித்துவிட்டுப் புதருக்கே திரும்புவது. அறிவியலாளர்கள் வைத்த பெயர் ஏடிஸ் ஆல்போபிக்டஸ். ஆசியப் புலிக் கொசு என்றும் சொல்வார்கள்.

தில்லியில் டெங்குவைப் பரப்புவதில் இதற்கு முதலிடம் இல்லை. அந்த இடம் ஏடிஸ் ஈஜிப்டிக்கு. 1996-ல் தலைநகரில் 10,252 பேரைப் படுக்கையில் தள்ளி 423 உயிர்களைக் கொண்டுபோன பெருந்தொற்றும், 2015-ல் 15,867 பேரைத் தொட்டு 60 பேரைப் பலிகொண்ட தொற்றும், பெரும்பாலும் வீட்டுத் தண்ணீரில் வளர்ந்த ஈஜிப்டியின் வேலை. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணி முழுவதும் அதைக் குறிவைத்தே அமைந்திருக்கிறது. அது சரிதான். ஆனால் இரண்டாமிடத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாமா என்பதுதான் என் கேள்வி. விட்ட நாடுகளுக்கு என்ன ஆனது என்பதை உலகம் பார்த்திருக்கிறது. நம் கேரளமே பார்த்திருக்கிறது.

கல்கத்தாவில் பெயர் பெற்றது

இந்தக் கொசுவை உலகுக்கு முதலில் விவரித்துக் காட்டிய மாதிரிகள் இந்தியாவில் பிடிக்கப்பட்டவை. 1890-களின் நடுவில் கல்கத்தாவிலிருந்து போன கொசுக்களைப் பார்த்து, சிட்னியில் இருந்த பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் ஸ்கூஸ், 'வங்காளத்தின் பட்டைக் கொசு' என்று இந்திய அருங்காட்சியகக் குறிப்புகளில் எழுதினார். பின்னர் 1934-ல் வெளியான 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசையின் கொசு நூலில், பி.ஜே. பாரோட் இதையும் இதன் உறவினங்களையும் இனம் பிரித்து எழுதினார். அந்த நூலைப் புரட்டினால், மரப்பொந்திலும் மூங்கில் தறியிலும் இலைக் கணுக்களிலும் வளரும் கொசுக்கள் நம் நாட்டில் இவ்வளவா என்று வியக்கத் தோன்றும். பெரும்பாலானவை மனிதர் பக்கமே வராதவை. சில வகைகள் ரத்தமே குடிக்காதவை.

ஆல்போபிக்டஸின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியக் காடுகள். மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில் முட்டையிட்டு, காட்டு விலங்கோ பறவையோ எது கிடைத்தாலும் கடித்து வாழ்ந்த பூச்சி. இன்று நகரத்துக் கொசு என்று நாம் நினைக்கிற ஈஜிப்டியும் காட்டில் பிறந்ததுதான். ஆப்பிரிக்கக் காடுகளில் அதன் மூதாதை வடிவம் இன்றும் மரப்பொந்துகளில் வளர்கிறது. மனித வாடையை அது பெரிதாகத் தேடுவதில்லை. நீண்ட கோடையில் மரப்பொந்துகள் வறண்டுபோன மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில், மனிதர்கள் பானையில் சேர்த்துவைத்த தண்ணீர் மட்டுமே மிஞ்சியபோது, அந்தக் கொசுக்களில் ஒரு கிளை மனிதரை ஒட்டி வாழப் பழகியது. மரபணு ஆய்வுகள் இதைச் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மாற்றம் என்று கணிக்கின்றன. அதிலிருந்து அது நம் வீட்டுப் பூச்சி.

ஆல்போபிக்டஸ் அதே பயணத்தைப் பாதி முடித்திருக்கிறது. காட்டை விடவில்லை, தோட்டத்துக்கும் வந்துவிட்டது. மரப்பொந்தும் அதற்கு ஒத்துவரும், நடைபயிற்சிக்கு வந்தவர் எறிந்த பிளாஸ்டிக் தேநீர்க் கோப்பையும் ஒத்துவரும். இந்த இரட்டை வாழ்க்கைதான் அதைச் சமாளிப்பதைக் கடினமாக்குகிறது.

நீரின் விளிம்பில் முட்டை

பெண் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் கோத்த பொந்துச் சுவரிலோ கோப்பையின் உட்புறத்திலோ ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் இடாது. கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அடுத்த பொந்தில் என்று பிரித்து இடும். முட்டைக்குள் கரு வளர்ந்து முடிய இரண்டு, மூன்று நாட்கள். அதன் பிறகு சுவர் காய்ந்தாலும் முட்டை சாவதில்லை. வாரக்கணக்கில், சூழல் ஒத்துழைத்தால் மாதக்கணக்கில், அப்படியே காத்திருக்கும். அடுத்த மழையில் நீர்மட்டம் ஏறி முட்டையை நனைக்கும்போதுதான் பொரியும்.

அப்போதும் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரியாது. முதல் மழைக்குச் சில, அடுத்த மழைக்குச் சில என்று மீதியைச் சேமிப்பில் வைத்திருக்கும். முதல் மழை ஏமாற்றி, நீர் வற்றிப் புழுக்கள் செத்தாலும் வம்சம் அறுந்துபோகாது. குளிர் நாடுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பகல் குறைவதைத் தாய்க் கொசு உணர்ந்தால், அது இடும் முட்டைகள் பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். வசந்தம் வந்த பிறகே விழிக்கும். வெப்பமண்டல ஆல்போபிக்டஸ்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. ஒரே இனம், வாழும் இடத்துக்கேற்ப வெவ்வேறு நாள்காட்டியோடு வாழ்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத விஷயம் இது.

மரப்பொந்து நீர் தனியொரு உலகம். விழுந்த இலைகள் அழுகி, மரத்தின் துவர்ப்பு ஊறி, தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருக்கும். அழுகும் இலையில் பாக்டீரியா பெருகும். பாக்டீரியாவை வடிகட்டித் தின்று கொசுப்புழு வளரும். நான்கு பருவங்கள் கடந்து கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளில் கொசுவாகப் பறந்துவிடும். தில்லியின் மழைக்கால வெப்பத்தில் இதெல்லாம் ஏழு முதல் பத்து நாட்களில் முடிந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுங்கள் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இலைக் குப்பை நிறைந்த நீரில் ஆல்போபிக்டஸ் புழுவும் ஈஜிப்டி புழுவும் சேர்ந்து வளர்ந்தால், பெரும்பாலும் ஆல்போபிக்டஸே ஜெயிக்கிறது. இருக்கும் உணவைக் கொண்டு வேகமாக வளர்ந்து வெளியேறிவிடும். வளர்ந்த பிறகும் போட்டி தொடரும். ஆல்போபிக்டஸ் ஆண்கள் ஈஜிப்டிப் பெண்களோடும் இணைகின்றன. கரு உருவாகாது; ஆனால் ஆணின் சுரப்பிலுள்ள ஒரு வேதிப்பொருள் அந்தப் பெண்ணை மறுபடி இணைய விடாமல் செய்துவிடும். அந்த ஈஜிப்டிப் பெண்ணுக்குச் சந்ததியே இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் ஆல்போபிக்டஸ் வந்த சில ஆண்டுகளில் ஈஜிப்டி பல ஊர்களிலிருந்து காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பூச்சியியலாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் தில்லியில் ஏன் ஈஜிப்டி தோற்கவில்லை? விடை மே மாத வெயிலில் இருக்கிறது. முட்டை காய்ந்து கிடக்கும் திறன் இரண்டுக்கும் உண்டு. ஆனால் கொதிக்கும் வறட்சியைத் தாங்குவதில் ஈஜிப்டி முட்டைதான் வலிமையானது. 45 டிகிரி செல்சியஸில் லூ என்னும் அனல்காற்று வீசும் கோடையில், மொட்டைமாடிச் சுவர்களில் ஆல்போபிக்டஸ் முட்டைகள் தாங்காது. ஈஜிப்டியோ அந்தக் கோடையிலும் தண்ணீருக்குத் திண்டாடுவதில்லை. வீட்டுக்கு வீடு ஏர்கூலர் ஓடுகிறது, மாடியில் தொட்டி இருக்கிறது, குழாய்த் தண்ணீர் வராத குடியிருப்புகளில் டிரம் நிரம்பியிருக்கிறது. ஆகவே கட்டடங்கள் நிறைந்த தில்லி ஈஜிப்டியின் ஆட்சிப் பகுதி. நிழலும் ஈரமும் மிச்சமிருக்கும் இடங்களில் மட்டும் ஆல்போபிக்டஸ் காலூன்றுகிறது: ரிட்ஜ், பல்கலைக்கழக வளாகங்கள், செடி வளர்ப்புப் பண்ணைகள், பழைய பூங்காக்கள், மரம் அடர்ந்த அரசுக் குடியிருப்புகள்.

அப்படிப்பட்ட இடங்கள் தில்லியில் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆரவல்லி மலைத்தொடரின் வால் பகுதியான ரிட்ஜ் மட்டுமே 7,777 ஹெக்டேர் என்பது அரசுக் கணக்கு. வடக்கே பல்கலைக்கழகப் பக்கத்துக் கமலா நேரு ரிட்ஜிலிருந்து தெற்கே அசோலா பாட்டி சரணாலயம் வரை அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. பெரும்பகுதி சீமைக் கருவேலம். இடையிடையே பழைய நாட்டு மரங்கள். புது தில்லி கட்டப்பட்டபோது சாலையோரங்களில் நடப்பட்ட நாவலும் மருதும் வேம்பும் புளியும் இப்போது நூறு வயதைத் தொடுகின்றன. கிளை ஒடிந்த காயத்தில் பொந்து விழும் வயது. ஆர்.கே. புரத்திலும் முனீர்காவிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ரிட்ஜும் வளாகக் காடுகளும் கூப்பிடு தூரம்தான்.

சிரட்டையிலிருந்து இத்தாலி வரை

2011-ல் வெப்பமண்டல மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் தில்லி ஆய்வாளர்களின் கட்டுரை வெளியானது. தில்லியில் பிடித்த ஆல்போபிக்டஸில் டெங்கு வைரஸை முதல்முறையாகக் கண்டறிந்ததாக அது அறிவித்தது. ஒரு கொசுவில் வைரஸ் இருப்பது வேறு, அது தொற்றலையை ஓட்டுவது வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனாலும் காட்டோரக் கொசு இந்தத் தொடரில் ஒரு கண்ணி என்பதற்கு அது சான்று. ஏடிஸ் கொசுக்களில் வைரஸ் தாயிடமிருந்து முட்டைக்குச் சிறிய அளவில் கடக்கக்கூடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளியே இல்லாத மாதங்களிலும் பொந்துச் சுவரில் ஒட்டிய முட்டைக்குள் வைரஸ் ஒதுங்கியிருக்க வாய்ப்புண்டு.

இரண்டாமிடத்துக் கொசு முதலிடத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் காட்டியது. 2005-06-ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா மூன்றில் ஒருவரைப் பிடித்தது. அங்கே ஈஜிப்டி மிகக் குறைவு; பரப்பியது ஆல்போபிக்டஸ். வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்ததையும், அந்த மாற்றத்தால் வைரஸ் ஆல்போபிக்டஸின் உடலில் பல மடங்கு எளிதாகப் பெருகுவதையும் பிறகு கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் கொண்ட வைரஸ் 2007-ல் கேரளத்தில் இருப்பதைப் புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. அங்கே கொசு எங்கே வளர்ந்தது? ரப்பர் தோட்டங்களில். பால் வெட்டாத மழை மாதங்களில் ஒவ்வொரு மரத்திலும் தொங்கிய சிரட்டையிலும் கோப்பையிலும் மழைநீர் நின்றது. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான செயற்கை மரப்பொந்துகள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

அதே ஆண்டு இத்தாலியின் ராவென்னா பகுதியில், காஸ்திலியோனே தி செர்வியா என்னும் கிராமத்தில் காய்ச்சலும் மூட்டுவலியும் பரவின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். தொடக்கம், கேரளத்திலிருந்து உறவினர்களைப் பார்க்க வந்த ஒருவர். ஐரோப்பியக் கிராமத்தில் அதைப் பரப்பக் கொசு தயாராக இருந்தது எப்படி? 1990-ல் பழைய டயர்களோடு ஆல்போபிக்டஸ் இத்தாலிக்கு வந்திருந்தது. 1985-ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் அது குடியேறியதும் ஆசியாவிலிருந்து வந்த பழைய டயர்களோடுதான். 2001-ல் கலிஃபோர்னியாவில் பிடிபட்டபோது, வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும் 'லக்கி பாம்பூ' செடிகளோடு வந்திருந்தது. காய்ந்த முட்டை கப்பலேறினால் போதும். கொசு பயணிக்க வேண்டியதில்லை. ஒரு கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் இருநூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. ஆனால் அந்த இனம் இன்று எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது, அண்டார்டிகா நீங்கலாக.

பொறுப்பு யாருடையது

தில்லியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொசுப்புழு ஆய்வுப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டிலும் டிபிசி பணியாளர்கள் என்று இவர்களை அறிவோம். கதவைத் தட்டி, கூலரைத் திறந்து, தொட்டியில் டார்ச் அடித்து, புழு இருந்தால் கொட்டி, மருந்து போட்டு, கதவில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும் வேலை. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த ஊதியத்தில் இதைச் செய்கிறவர்கள், பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள். நகரத்தின் டெங்கு எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பது இவர்களுடைய கால்கள். அதற்குரிய மதிப்பை இந்த நகரம் இன்னும் தரவில்லை.

ஆனால் இவர்கள் தட்டுவது வீட்டுக் கதவு. ரிட்ஜுக்குக் கதவு இல்லை. காப்புக்காடு வனத்துறையின் பொறுப்பு. பூங்காக்களில் ஒரு பகுதி மாநகராட்சித் தோட்டப் பிரிவிடம், ஒரு பகுதி தில்லி வளர்ச்சி ஆணையத்திடம். புது தில்லியின் சாலை மரங்கள் புது தில்லி மாநகர சபையிடம். அரசுக் குடியிருப்புத் தோட்டங்கள் மத்தியப் பொதுப்பணித் துறையிடம். மரத்தைப் பார்க்கிறவர் கொசுவைப் பார்ப்பதில்லை; கொசுவைப் பார்க்கிறவர் மரத்தடிக்கு வருவதில்லை. காட்டுக் கொசுவின் விஷயத்தில் அறிவியல் தெளிவாக இருக்கிறது. குழப்பம் முழுவதும் இந்த எல்லைக் கோடுகளில்.

எல்லைக் கோட்டில் சிக்கியதும் எல்லோரும் கைநீட்டும் தீர்வு புகை மருந்து. வண்டி வரும், வெள்ளைப் புகை எழும், படம் எடுப்பார்கள். புகையின் துளிகள் பறக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் அது சாகும். ஆல்போபிக்டஸ் இலைக்கடியில் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அடிக்கும் புகை அதைத் தொடுவதில்லை. முட்டையையும் புழுவையும் சுத்தமாகத் தொடாது. தேனீ, வண்ணத்துப்பூச்சி, தும்பி ஆகியவற்றைக் கொல்லும். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி, வைரஸ் ஏறிய கொசுக்களைக் குறைக்க அவசரத்துக்குப் புகை அடிப்பதில் நியாயம் உண்டு. காட்டுக்குள் அடிப்பதில் அறவே இல்லை. மீன் விடுவதும் அப்படியே. கம்பூசியா மீனை 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குளத்தில் கொசுப்புழு தின்னும், கூடவே தவளைக் குஞ்சையும் நாட்டு மீன்களின் முட்டையையும் தின்னும். உள்ளங்கை அளவு பொந்து நீருக்கு மீனால் பயனே இல்லை.

மரத்தை வெட்டிவிட்டால் கொசு போய்விடும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். மரம் போனால் நிழல் போகும், வெப்பம் கூடும், ஏர்கூலர் இன்னும் ஓடும், ஈஜிப்டிக்கு இன்னும் இடம் கிடைக்கும். ஒரு கொசுவை விரட்டி அதைவிட ஆபத்தானதை வீட்டுக்குள் கூப்பிடுவதாக முடியும்.

செய்ய வேண்டியது கொஞ்சம் கைவேலை. பொந்துகளில் இரண்டு வகை உண்டு. உலர்ந்த பொந்தில் குக்குறுவான், புள்ளி ஆந்தை, கிளி, சாம்பல் இருவாச்சி எல்லாம் கூடு வைக்கும். அவற்றைத் தொடக் கூடாது. மேல்நோக்கித் திறந்து மழைநீர் பிடிக்கும் பொந்துதான் கொசுவுக்கு வேண்டியது. முன்பெல்லாம் அதைச் சிமென்ட் வைத்துப் பூசுவார்கள். மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இடையில் விரிசல் விழுந்து, உள்ளே ஈரம் தங்கி, அழுகல் தொடரும். துளையிட்டு நீரை வடிப்பதும் தவறு. அழுகல் பரவாமல் இருக்க மரம் தனக்குள் எழுப்பிய சுவரை அந்தத் துளை உடைத்துவிடும். கழுவிய மணலைப் பொந்தின் விளிம்புவரை நிரப்பினால் போதும். தண்ணீர் மணலுக்குள் இருக்கும், கொசுவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு கிடைக்காது. மூங்கிலை வெட்டும்போது கணுவுக்குச் சரியாக மேலே வெட்டினால் தறியில் கிண்ணம் உண்டாகாது. தோட்டக்காரர்களுக்கு ஒரு நாளில் கற்றுத்தரக்கூடிய வேலை.

மணல் போட முடியாத உயரத்துப் பொந்துகளுக்கு பிடிஐ. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில் செத்துக் கிடந்த கொசுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா இது. அது உண்டாக்கும் புரதப் படிகம் கொசுப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து நஞ்சாகிறது. மனிதர், பறவை, மீன், தேனீ யாருக்கும் கேடில்லை. இதன் உள்நாட்டு வகையைப் புதுச்சேரி மையமே பிரித்தெடுத்துத் தயாரிப்புத் தொழில்நுட்பத்தையும் உருவாக்கியிருக்கிறது. ஒரு குறை உண்டு: இலைச்சாறு ஊறிய நீரில் பிடிஐயின் வேகம் சீக்கிரம் குறையும். ஆகவே மழைக்காலத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எளியது ஒன்று இருக்கிறது. காட்டுப் பாதைகளிலும் பூங்கா வேலிகளிலும் நாம் எறிந்துவிட்டு வரும் கோப்பை, பாலித்தீன் பை, குருவிக்கு வைத்து மறந்த மண் சட்டி, பஞ்சர் கடை ஓரத்து டயர் ஆகியவற்றை மழைக்கு முன்னால் பொறுக்குவது. ஓர் இயற்கைப் பொந்துக்கு எத்தனை கோப்பைகள் கிடக்கின்றன என்று காட்டோரத்தில் நின்று எண்ணிப் பார்த்தவர்கள், மரத்தின் மேல் பழி போட மாட்டார்கள்.

தில்லி மறந்த ஒரு பரிசோதனை

கொசுவைக் கொண்டே கொசுவைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். சிங்கப்பூர் 2016 முதல் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் ஈஜிப்டிகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடுகிறது. அந்த ஆணோடு இணையும் பெண்ணின் முட்டை பொரியாது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் வோல்பாக்கியா ஏற்றிய கொசுக்களைப் பரவவிட்டு டெங்கு நோயாளிகளை 77 சதவீதம் குறைத்தார்கள். சீனாவின் குவாங்சோவில் 2019-ல் வெளியான ஆய்வு, கதிர்வீச்சையும் வோல்பாக்கியாவையும் இணைத்து இரண்டு ஆற்றுத் தீவுகளில் ஆல்போபிக்டஸைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிக் காட்டியது. ஆல்போபிக்டஸில் வோல்பாக்கியா இயற்கையாகவே உண்டு. ஈஜிப்டிக்கு ஏற்றும் வகைகளில் ஒன்று அதனிடமிருந்து எடுக்கப்பட்டதுதான். புதுச்சேரி மையமும் இத்தகைய ஈஜிப்டி வகைகளை 2022-ல் உருவாக்கிவிட்டது.

இதில் தில்லிக்கு ஐம்பது ஆண்டு முன்னோடி அனுபவம் இருக்கிறது. 1970 வாக்கில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிப் பிரிவை இங்கே தொடங்கின. பணம் அமெரிக்காவின் பி.எல்.480 உணவு உதவித் திட்டத்தின் ரூபாய் நிதியிலிருந்து வந்தது. தலைநகரைச் சுற்றியிருந்த கிராமங்களில் கியூலெக்ஸ் கொசுவின் மலட்டு ஆண்களையும், முட்டை பொரிய விடாத இணைப்பு வகைகளையும் லட்சக்கணக்கில் விட்டார்கள். இன்று சிங்கப்பூரில் வேலை செய்யும் அதே இயக்கம்தான் அன்று தில்லிக் கிராமங்களில் சோதிக்கப்பட்டது.

அடுத்த கட்டமாக ஹரியானாவின் சோனிபத்தில் ஈஜிப்டியை விடத் திட்டமிட்டார்கள். அப்போது எழுந்தது புயல். 1974-ல் செய்தி வெளியானது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய கொசுவைப் பற்றி வெளிநாட்டுப் பணத்தில் தகவல் திரட்டுவது எதற்கு, இது உயிரியல் போர் ஆராய்ச்சிக்கா என்று கேட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்ததே இல்லை என்பதால் அந்த அச்சம் ஆழமாகப் பாய்ந்தது. உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவும் இல்லை. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1975-ல் கடுமையான அறிக்கை தந்தது. சோனிபத் திட்டம் நின்றது, அந்த ஆண்டே பிரிவு மூடப்பட்டது.

இழப்பு நம்முடையது. குழு எழுப்பிய கேள்விகள் தேவையானவை. அயல்நாட்டு நிதியில் நம் கிராமத்தில் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. அந்தக் கேள்விகளுக்கு முதல் நாளிலிருந்தே கிராமத்தாருக்கும் பத்திரிகைக்கும் திறந்த பதில் கிடைத்திருந்தால், ஏடிஸ் கட்டுப்பாட்டில் இந்தியா இன்று பிறர் தரவுகளைப் படித்துக்கொண்டிருக்காது. ஒருநாள் ரிட்ஜ் ஓரத்தில் ஆண் கொசுக்களை விடும் முடிவு எடுக்கப்பட்டால், முனீர்காவிலும் மெஹ்ரோலியிலும் வீட்டு வாசலில் நின்று அதை விளக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அது தொலைவில் இருக்கும் திட்டம். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: முட்டைப் பொறி. கறுப்புக் கிண்ணம், பாதி தண்ணீர், உள்ளே சொரசொரப்பான ஒரு பட்டைக் காகிதம். கொசு அதில் முட்டையிடும்; வாரம் ஒருமுறை காகிதத்தை எடுத்து முட்டையை எண்ணலாம். எடுக்காமல் விட்டால் அதுவே கொசு வளர்க்கும் கிண்ணமாகிவிடும் என்பதால் ஒழுங்காகப் போக வேண்டும். முட்டைகளைப் பொரியவைத்துப் பார்த்தால் எது ஈஜிப்டி, எது ஆல்போபிக்டஸ் என்பதும் தெரிந்துவிடும். துவாரகாவில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சிவில் லைன்ஸில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் வளாகங்கள் ரிட்ஜை ஒட்டியே இருக்கின்றன. உயிரியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது. மாநகராட்சி தன் வாராந்திர அறிக்கையில் நோயாளிகளின் எண்ணிக்கையையும், புழு கண்ட வீடுகளின் எண்ணிக்கையையும் தருகிறது. ரிட்ஜின் முட்டைக் கணக்குக்கு அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வனத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து கையெழுத்திட்ட வரி.

தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் தொடங்குகிறது. பாதையோரத்து நீர்ப்பொந்து மரங்களை மார்ச்சிலும் ஏப்ரலிலும் எண்ணிட்டு, கூடு வைத்த பொந்துகளை ஒதுக்கி, மற்றவற்றில் மணல் நிரப்பி, குப்பையைப் பொறுக்கி முடிக்க, மார்ச் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அதற்கு முன் சுமார் பதினேழு வாரங்கள் இருக்கின்றன.